மொய்மொய், எக்குரு, ஒக்பா: எதை முதலில் அவிப்பது?

மொய்மொய் என்றதும் கல்யாண வீட்டு மொய் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. சம்பந்தம் ஒன்றும் கிடையாது, ஆனால் நைஜீரியாவில் இதுவும் கல்யாண விருந்தில் தவறாமல் கண்ணில் படும், தக்காளியும் மிளகாயும் சேர்த்து வேகவைத்த ஜொல்லோஃப் சோற்றுக்குப் பக்கத்தில். தோல் நீக்கிய காராமணியை அரைத்துப் பொட்டலம் கட்டி அவித்த பண்டம் அது. அதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர்: யோருபா வீடுகளின் எக்குரு, இக்போ மக்களின் ஒக்பா. மூன்றையும் வீட்டில் செய்து பார்த்துவிட்டேன். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்வது மொய்மொய்தான், காரணம் அது சுலபம் என்பதல்ல, அது நம் தப்பை மறைத்துக் கொடுக்கும்.

மொய்மொய்க்கும் எக்குருவுக்கும் பொதுவான தலைவலி தோல். காராமணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் தோல் கழன்று மிதக்கும், தண்ணீரோடு சாய்த்து வடிக்க வேண்டும், மறுபடி தண்ணீர், மறுபடி தேய்ப்பு, இப்படி இரண்டு கப் பயறுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் போனது. பொறுமை இல்லாதவர்கள் மிக்ஸியில் நிறையத் தண்ணீரோடு போட்டு இரண்டு சுற்று மட்டும் விட்டு நிறுத்தலாம், பயறு உடைந்து தோல் சீக்கிரம் பிரியும். கறுப்புக் கண் இருக்கிற ரகம் என்றால் அந்தக் கண்ணும் போக வேண்டும், இல்லாவிட்டால் மாவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தோல் போனபின் இன்னும் ஒரு மணி நேரமாவது ஊறினால்தான் மாவு நைசாக அரையும்.

இதற்குப் பிறகு இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. மொய்மொய் மாவில் சிவப்புக் குடமிளகாய், வெங்காயம், அங்கே ‘அத்தா ரோடோ’ என்கிற உருண்டைக் கார மிளகாய் எல்லாம் சேர்ந்து அரைபடும். அப்புறம் எண்ணெய், இறைச்சி வெந்த தண்ணீர், காய்ந்த இறால் பொடி. தோசை மாவை விடக் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். உள்ளே அவித்த முட்டைத் துண்டு, மீன், டின் மாட்டிறைச்சி என்று கையில் இருப்பதைப் போடுவார்கள். இப்படிப் பல சங்கதிகள் சேர்ந்ததற்கு ‘எலெமி மேஜெ’, அதாவது ஏழு உயிர் கொண்டது என்று பேர். அரைப்பதில் கொஞ்சம் நறநறப்பு இருந்தாலும் இந்த ஏழு உயிரில் ஒன்று காப்பாற்றிவிடும்.

எக்குருவில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. காராமணி, தண்ணீர், அவ்வளவுதான். மிளகாயும் எண்ணெயும் மாவில் சேராது. வெள்ளையாக அவித்து, கையால் உதிர்த்து, செம்பனை எண்ணெயில் வதக்கிய ‘அத்தா தின்தின்’ என்கிற மிளகாய்த் தொக்கோடு பிசைந்து சாப்பிடுவார்கள். எக்குரு மெத்தென்று வருவதற்கு மாவில் காற்று ஏற வேண்டும், அதற்காகத்தான் அந்தக் காலத்தில் உரலில் போட்டு அடித்து அடித்து நுரைக்க வைத்தார்கள். மிக்ஸியில் தண்ணீர் குறைத்தால் பிளேடு சுற்றாது, கூட்டினால் மாவு நீர்த்துப்போகும். என் முதல் ஈடு செங்கல். இரண்டாவது தடவை இட்லி கிரைண்டரில் போட்டேன், சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கிற பதம் வந்தது, உளுந்து வடைக்குப் பார்ப்போமே அதே சோதனைதான். ஆகையால் வீட்டில் கிரைண்டர் இருந்தால், தோல் உரிக்கவும் சலிக்காது என்றால், நீங்கள் நேராக எக்குருவுக்கே போகலாம்.

பொட்டலத்துக்கு என்ன? யோருபா ஊர்களில் ‘எவே எரான்’ என்கிற அகல இலை. அந்தச் செடியின் பழத்திலிருந்துதான் சர்க்கரையை விட ஆயிரக்கணக்கான மடங்கு இனிக்கும் தாமட்டின் என்கிற புரதம் எடுக்கிறார்கள், ஆனால் இலை இனிக்காது, மணம் மட்டும் தரும். இலையைக் கூம்பாகச் சுருட்டி, வாலை மடித்து, மாவை ஊற்றி மூடுவார்கள். உரித்த காம்புகளைப் பானை அடியில் பரப்பினால் அதுவே தட்டு, பொட்டலம் தண்ணீரில் முழுகாது. நமக்கு வாழையிலைதான் கிடைக்கும், தணலில் வாட்டினால் கிழியாது. பழைய பால் டின், பிளாஸ்டிக் பை, கிண்ணம் எல்லாம் அங்கே புழக்கத்தில் உண்டு. கிண்ணம் சௌகரியம், ஒழுகாது, மேலே மூடாவிட்டால் மட்டும் ஆவித் தண்ணீர் சொட்டிக் குளமாகும். பிளாஸ்டிக் பையில் கொதிக்க வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மொய்மொய்க்குக் கிண்ணம் போதும், எக்குருவுக்கு இலை மணத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? இரண்டுக்குமே முக்கால் மணி நேரம் ஆவி வேண்டும், பெரிய பொட்டலம் என்றால் ஒரு மணி.

வடக்கு கானாவின் துபானியும் இதே ரகம்தான், காராமணி மாவை இலையில் அவித்து எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தூவித் தின்பது. மாவு கிடைத்தால் வேலை மிகக் குறைவு.

ஒக்பா வேறு பயறு. பம்பாரா கடலை, நிலக்கடலை போல மண்ணுக்குள் காய்ப்பது, கல் மாதிரி இருக்கும், வீட்டு மிக்ஸியை நம்பாமல் மாவாகவே வாங்குங்கள். மாவு கிடைத்துவிட்டால் மூன்றிலும் இதற்குத்தான் உழைப்பு குறைவு: செம்பனை எண்ணெயைப் பிசறி மஞ்சளாக்கி, உப்பு, மிளகாய், வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மோர் மாதிரிக் கரைத்தால் முடிந்தது. இவ்வளவு தண்ணியா என்று பயந்து குறைத்தால் வெந்தபின் தொண்டையை அடைக்கும். ஒரே ஒரு கண்டிப்பு, பானைத் தண்ணீர் தளதளவென்று கொதித்தபின்தான் பொட்டலத்தை இறக்க வேண்டும், இல்லையென்றால் மாவு அடியில் தங்கி மேலே வெறும் தண்ணீர் நிற்கும். கடலை மாவில் செய்யலாம் என்பவர்கள் உண்டு. அது நன்றாகவே இருக்கும், ஒக்பாவாக இருக்காது.

மிச்சமானால்? மொய்மொய்யை மறுநாள் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் முறுகவிட்டால் முதல் நாளை விட ருசி. எக்குரு காய்ந்துபோகும், தொக்கில் புரட்டித்தான் தள்ள வேண்டும். ஒக்பா ஆறினால் இறுகிவிடும். இக்போ மக்களின் ஊரான எனுகு பக்கம் காலையில் அதை விற்பவர்கள் ‘ஒக்பா டி ஒக்கு’, சூடான ஒக்பா என்று கூவுவது அதனால்தானோ என்று ஆறிய ஒக்பாவை மென்றபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.