பிள்ளைகளுக்கு வாய்ப்புண் ஜெல்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்

மருந்துக்கடையில் "பிள்ளைக்கு வாய்ப்புண், ஏதாவது ஜெல் குடுங்க" என்று சொன்னால் போதும், வயதுகூடக் கேட்காமல் ஒரு டியூபை எடுத்து வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது கோலின் சாலிசிலேட் ஜெல். பெட்டியைத் திருப்பினால் 8.7 சதவீதம் என்று இருக்கும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் 2 சதவீதம் சேர்த்த வகையும் உண்டு. தடவியதும் சுரீரென்று எரியும், பிறகு வலி அடங்கும். மருந்து வேலை செய்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

சிக்கல் வயதில்தான் இருக்கிறது. சாலிசிலேட் என்பது ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். வைரஸ் காய்ச்சல் உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய் அபூர்வமாக வரக்கூடும். அந்த அச்சத்தால், 16 வயதுக்குக் கீழே இந்த ஜெல் வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் சொல்லிவிட்டது. இங்கேயோ பல் முளைக்கும் குழந்தையின் ஈறிலேயே இதைத் தடவுகிறார்கள். 10 கிராம் டியூப் ஒன்றில் 870 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. கைக்குழந்தைக்குத் துப்பத் தெரியாது, தடவுவதெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். கல்லூரிப் பிள்ளை என்றால் 1 செ.மீ. நீளம் பிதுக்கி, 3 மணி நேர இடைவெளி விட்டுத் தடவலாம். 16 வயதுக்குக் கீழே வாங்க வேண்டாம்.

மரத்துப்போகச் செய்யும் ஜெல்களும் சிறுசுகளுக்கு ஆகாது. லிக்னோகைன் திரவத்தைப் பல் முளைக்கும் வலிக்குக் கொடுப்பதால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-ல் எச்சரித்தது. இதே வகை மருந்தான பென்சோகைனை 2 வயதுக்குள் தொடவே கூடாது என்று 2018-ல் சொன்னது. அதனால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய் உதடு நீலம் பாரிக்கும். பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு தொல்லை உண்டு: மரத்த உதட்டைத் தெரியாமல் கடித்துப் புதுப்புண் வாங்கிக்கொள்வார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் சாதாரண வாய்ப்புண்ணுக்கு எங்கள் ஓட்டு டிரையாம்சினோலோன் 0.1 சதவீதப் பேஸ்டுக்கு. ஸ்டீராய்டு என்பதால் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே வாங்க வேண்டும். "ஒட்டவே மாட்டேங்குது" என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம், தேய்ப்பது. தேய்த்தால் மணல் மாதிரி உதிர்ந்துவிடும். பஞ்சால் புண்ணை ஒற்றி உலர்த்திவிட்டு, அரை செ.மீ. அளவு பேஸ்டை மெல்ல அழுத்தி வையுங்கள்; வழவழப்பான படலம் உருவாகும். இரவு படுக்கும் முன் வைத்தால் அதிக நேரம் நிற்கும். 7 நாளில் குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி காட்டுங்கள்.

ஆனால் ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் புண்ணில் இந்தப் பேஸ்ட் படக் கூடாது. ஸ்டீராய்டு அந்தத் தொற்றை மோசமாக்கலாம். அடையாளம் காண்பது பெரும்பாலும் சுலபம். சாதாரண வாய்ப்புண் உதட்டின் உள்புறம், கன்னத்தின் உள்புறம், நாக்கின் அடிப்பக்கம் என்று மெத்தென்ற இடங்களில் வரும், காய்ச்சல் இருக்காது, 1 செ.மீ.க்குள் அடங்கி, 7 முதல் 14 நாளில் தானாக ஆறும். முதன்முறை வரும் ஹெர்பிஸ் காய்ச்சலோடு வந்து, ஈறு முழுக்கச் சிவந்து வீங்கி, மேல்வாயிலும் கொப்புளம் போடும். உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் என்றால் அது கை, கால், வாய் நோயாக இருக்கலாம். இவை இரண்டிலும் 5 வயதுக்குட்பட்டவர்களே அதிகம் மாட்டுகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஜெல்லையும்விட பாராசிட்டமால் சிரப்தான் கைகொடுக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் விடுங்கள். பாட்டில் லேபிளைப் பார்த்து அளக்க வேண்டும்: 12 கிலோ குழந்தைக்கு 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மி.லி., 125 மில்லிகிராம் சிரப் என்றால் 7.2 மி.லி. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு.

யாரும் கேட்டு வாங்காத ஒரு பொருளுக்கு முழு மதிப்பெண்: பல் கிளிப் கன்னத்தில் உரசாமல் இருக்க அதன்மேல் ஒட்டும் மெழுகு. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய ஆய்வில் 2 முதல் 17 வயது வரை 10,000 பேருக்கு மேல் வாயைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதாவதொரு புண்ணோ மாற்றமோ இருந்தது. முதலிடம் உதட்டையும் கன்னத்தையும் கடித்த காயத்துக்கு, வாய்ப்புண்ணுக்கு அடுத்த இடம்தான். கடியோ உரசலோ நிற்காத வரை எந்த மருந்தும் பலிக்காது. கிளிப்பில் உரசும் பகுதியை டிஷ்யூவால் துடைத்து உலர்த்தி, பட்டாணி அளவு மெழுகை உருட்டி அதன்மேல் அழுத்துங்கள். ஈரத்தில் வைத்தால் ஒட்டாமல் கழன்றுவிடும். சாப்பிடும் முன் எடுத்துவிடுங்கள். தவறி விழுங்கினாலும் பயமில்லை.

கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடின் 0.2 சதவீத மவுத்வாஷ் துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும். பல் துலக்கிய உடனே கொப்பளித்தால் பேஸ்டின் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும், 30 நிமிடம் விடுங்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்பேறும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பதும் மோசமில்லை.

போராக்ஸ் கிளிசரின் பாட்டிலை குழந்தை உள்ள வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம், அதிலுள்ள போரான் உப்பு விழுங்கினால் நஞ்சு. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சத்துக்குறைவு இருந்தால்தான் உதவும். மாதாமாதம் புண் வந்தால் மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்காமல் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் அளவைப் பரிசோதியுங்கள்.

2 வாரம் தாண்டியும் ஆறாத புண், 1 செ.மீ.க்கு மேல் பெரிய புண், கூடவே எடைக்குறைவு என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சின்னக் குழந்தை தண்ணீரையும் மறுத்து 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், அன்றைக்கே.