ரானக் சதுப்பில் தாளை நீட்டாதீர்கள்: ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸில் ஆறு நாள் குழு ரயில் பயணம்

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார், ஆனால் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நாள் முழுக்க வேடிக்கை பார்ப்பார், சாப்பாடு கூட நினைவிருக்காது. அதனால்தான் ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸுக்கு நாங்களாகவே டிக்கெட் போடாமல், வழிகாட்டியோடு போகும் குழுவில் சேர்ந்தோம். மே கடைசி வாரம், ஆறு நாள், 27 பேர். கிளாஸ்கோவில் ரயிலேறி ஃபோர்ட் வில்லியம், மாலெய்க், இன்வர்னெஸ், கைல் என்று சுற்றி எடின்பரோவில் முடிகிறது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இப்படிப்பட்ட பயணம் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் சொல்லப் போவது அவர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது.

முதலில் நல்ல விஷயம். பெட்டியைத் தூக்க வேண்டிய வேலையே இல்லை. காலையில் ஓட்டல் அறை வாசலில் வைத்தால் சாயங்காலம் அடுத்த ஊர் அறையில் இருக்கிறது. ரயில் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஓரடி இறக்கம் இருக்கும் நிலையங்களில் வழிகாட்டி முன்னால் இறங்கி நின்று கை கொடுத்தார். அறுபதைத் தாண்டியவர், அந்தப் பக்கத்துக்காரர். முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே குழுப் பயணம் தகும்.

இன்னொன்று, இது தனி ரயில் இல்லை. ஊர்க்காரர்கள் போகும் சாதாரண ரயிலில்தான் எங்களுக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. கிரியன்லாரிக்கில் ரயில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி ஓபனுக்கு, மறு பாதி ஃபோர்ட் வில்லியம் வழியாக மாலெய்க்குக்கு. எங்கள் குழுவில் ஒரு தம்பதி, மேஜை உள்ள இருக்கை காலியாக இருக்கிறதே என்று ஓபன் பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்டி பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, தலையை எண்ணி, 25 என்று வந்ததும் ஓடிப்போய் இருவரையும் இழுத்து வந்தார். மேற்கொண்டு ஒரு நிமிடம் போயிருந்தால் அவர்கள் வேறு கடற்கரைக்குப் போயிருப்பார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். டைண்ட்ரம் தாண்டி அந்தப் பெரிய குதிரைலாட வளைவில் ரயில் சுற்றி, பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியையும் விட்டதும் ரானக் சதுப்பு ஆரம்பிக்கிறது. வீடு இல்லை, சாலை இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை பழுப்பு நிறப் புல்லும் கறுத்த குட்டைகளும் தூரத்து மலைகளில் மிச்சமிருக்கும் பனியும்தான். 1894இல் இந்தப் பாதையைத் திறந்தார்கள். அடியில் உறுதியான தரை கிடைக்காமல், மரவேர்களையும் சுள்ளிக்கட்டுகளையும் மெத்தை போலப் பரப்பி, அதன் மேல் ஆயிரக்கணக்கான டன் மண்ணும் சாம்பலும் கொட்டித்தான் தண்டவாளத்தை மிதக்கவிட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதன் மேல்தான் ரயில் ஓடுகிறது. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். சரியாக அந்த நேரத்தில் இருக்கை இருக்கையாக ஒரு தாள் வந்தது: ராத்திரிச் சாப்பாட்டுக்கு சூப்பா, சாலடா, மீனா, காளானா, குறித்துக் கொடுங்கள். பின்னாலேயே மதியச் சாப்பாட்டுப் பொட்டலம். 27 பேரும் தலையைக் குனிந்து பேனா தேடினோம். அம்மாவுக்கு ஆங்கிலத் தாளை நான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது, தலை நிமிர்ந்தபோது பத்து நிமிடம் போயிருந்தது. அங்கே எங்கள் யாருடைய போனிலும் சிக்னல் இல்லை, அந்தத் தாளை ஃபோர்ட் வில்லியம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அனுப்பவே முடிந்தது! கிளாஸ்கோ புறநகரைத் தாண்டும்போது வாங்கியிருக்கலாமே. ராத்திரி வழிகாட்டியிடம் சொன்னேன். அலுவலகத்தில் கொடுத்த அட்டவணை அப்படி, எனக்கும் இது உறுத்துகிறது என்று மறைக்காமல் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு மனசு ஆறியது ரானக் நிலையத்தில். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர் ரயிலுக்காக அங்கே ஐந்தாறு நிமிடம் நின்றோம், விருப்பமுள்ளவர்களை வழிகாட்டி இறக்கினார். பிளாட்பாரத்தின் வடக்குக் கோடியில் ஒரு கல் தலை இருக்கிறது, ரெண்டன் என்பவருடையது. பணம் தீர்ந்து பாதை நின்றுவிடும் நிலையில் தன் சொந்தச் சொத்திலிருந்து கொடுத்த ரயில் நிறுவன இயக்குநர் அவர். கூலியாட்களே பாறையில் செதுக்கி வைத்தார்களாம். சிற்பிகள் செதுக்கியதில்லை என்று பார்த்தாலே தெரியும், மூக்கும் தாடியும் மொத்தமாக, உளி பட்ட தடம் அப்படியே நிற்கிறது. அம்மா அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேலைக்காரங்க கையால செஞ்சது, இதைவிட என்னடி மரியாதை" என்றார்.

அதற்கடுத்து கொரௌர், 408 மீட்டர் உயரத்தில், பொதுச்சாலையே போகாத நிலையம். முதுகுப்பையோடு இரண்டு பேர் இறங்கினார்கள், ரயில் நகர்ந்ததும் அவர்களைச் சுற்றி ஒன்றுமே இல்லை. அந்தக் காட்சியில் வழிகாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த வழிகாட்டி அமைவது பெரிய விஷயம்.

மூன்றாம் நாள் எல்லோரும் காத்திருந்த கிளென்ஃபினன் பாலம். போகும்போது நீராவி ரயில், வரும்போது சாதாரண ரயில். 21 வளைவு, 30 மீட்டர் உயரம், 380 மீட்டர் நீளம், உள்ளே கம்பி வைக்காத வெறும் கான்கிரீட். மாலெய்க் போகும் திசையில் இடது பக்கம் உட்கார்ந்தால்தான் முன்னால் இன்ஜின் வளைந்து போவதும், கீழே ஷீல் ஏரியும், 1745இல் பிரிட்டிஷ் அரியணைக்காகக் கிளர்ச்சி செய்த இளவரசர் சார்லஸ் கொடியேற்றியதற்காக நிறுத்திய தூணும் தெரியும். போகும்போது வலது பக்கம் இருந்தவர்களுக்குத் திரும்பும்போது பாலம் தெரியும் பக்கத்தைக் கொடுத்தார்கள், யாருக்கும் மனக்குறை இல்லை. பாலம் கட்டும்போது ஒரு குதிரையும் வண்டியும் தூணுக்குள் விழுந்து புதைந்தது என்று ரொம்ப காலமாக ஊரில் பேச்சாம். எல்லோரும் கிளென்ஃபினனில்தான் என்று நம்பியிருக்க, 2001இல் ரேடார் வைத்துத் தேடியபோது கொஞ்சம் மேற்கே லாக் நான் உவா பாலத்துத் தூணுக்குள் அது கிடந்தது தெரிந்தது. வழிகாட்டி இந்தக் கதையை கிளென்ஃபினனில் சொல்லாமல், அந்தச் சின்னப் பாலம் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் சொன்னார். பெட்டியே அமைதியாகிவிட்டது.

ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னெஸுக்கு நேர் ரயில் கிடையாது, பேருந்துதான். நெஸ் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள், அதில் பாதி நினைவுப்பொருள் கடையில் போனது, அதை விட்டுவிடலாம்.

கைல் பாதை ஐந்தாம் நாள். இன்வர்னெஸிலிருந்து போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், கேரன் ஏரி ஜன்னலை ஒட்டியே வரும். அது கடல் உள்ளே நுழைந்த நீர், நாங்கள் போனபோது ஓதம் வற்றி, பாறைகள் பூராவும் மஞ்சள் பாசி. 1870இல் ஸ்ட்ரோம்ஃபெரியில் நின்றுபோன பாதையை, பாறையை வெடிவைத்து உடைத்து 1897இல்தான் கைல் வரை கொண்டுவந்தார்கள். கடைசிப் பகுதியில் ரயில் ஏன் அவ்வளவு மெதுவாக வளைந்து வளைந்து போகிறது என்பது ஜன்னலுக்கு வெளியே வெட்டுப்பாறையைப் பார்த்தால் விளங்கும். கூட்டமும் இல்லை. கிளென்ஃபினன் போட்டோவுக்கு, கைல் கண்ணுக்கு என்பேன்.

சாப்பாடு சைவக்காரர்களுக்குச் சுமார். மூன்று ராத்திரி தொடர்ந்து காளான்தான், கொஞ்சம் யோசித்திருக்கலாம். காலை ஓட்ஸ் கஞ்சி மட்டும் எல்லா ஊரிலும் அருமை, அம்மா உப்புப் போட்டே கேட்டு வாங்கினார், அங்கேயும் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் உண்டாம். மே மாதமென்பதால் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம், அதனால் சாப்பிட்டுவிட்டும் நடக்கலாம். ஜூன் பிறந்தால் மிட்ஜ் என்கிற பொடிக்கொசு பிடுங்கியெடுக்கும் என்று ஓட்டல்காரர்களே எச்சரித்தார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ரயிலில் எத்தனை மணி நேரம் பேருந்தில் எத்தனை மணி நேரம்; இருக்கையைத் தினமும் மாற்றுவார்களா; படிவம், தாள் எல்லாம் எப்போது தருவார்கள். மூன்றாவதைக் கேட்டால் அலுவலகத்தில் ஆச்சரியப்படுவார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

அம்மா இப்போது இன்வர்னெஸிலிருந்து விக் வரை போகும் வடக்குப் பாதையைக் கேட்கிறார். அதே வழிகாட்டி வருவாரா என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அவர் வந்தால் உடனே போடுவேன், வேறு ஆள் என்றால் யார், எந்த ஊர்க்காரர் என்று விசாரித்துவிட்டுத்தான்.