லிஃப்ட் ஓடும் என்றார்கள், ஓடத்தான் செய்தது

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ, எடின்பரா பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ பனிச்சறுக்குப் போகலாம் என்று பேக்கேஜ் பார்த்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் நாலு பேர், தலைக்கு 145 பவுண்டு, மொத்தம் 580. ஒரு நிமிடம்கூட ஒழுங்காகச் சறுக்கவில்லை. சரி, நான் ஒரு தடவை சறுக்கினேன், அது சேற்றில்.

ஏமாற்றிய ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, தவிர இந்த மாதிரி ஆட்கள் அடுத்த சீசனுக்கு வேறு பெயரில் வந்து நிற்பார்கள். மலையை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அவர்கள் எழுதி வைத்திருந்ததெல்லாம் உண்மை. படிக்காமல் போனது நான்.

ஃபோர்ட் வில்லியத்துக்கு வடக்கே பத்து கிலோமீட்டரில், பென் நெவிஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊனக் மோர் மலைக்குத்தான் பேக்கேஜ். வேன், ஸ்கீ என்கிற சறுக்குப் பலகை, ஷூ, பயிற்சியாளர், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு அனுமதி எல்லாம் சேர்த்து. "மோர் குடிக்கவா அத்தான் அவ்வளவு தூரம்" என்று மைத்துனன் கிண்டலடித்தான். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் மோர் என்றால் பெரியது. ஆனால் அடுத்தாற்போல் நிற்கும் 'சின்ன' ஊனக் 1234 மீட்டர், இந்தப் 'பெரிய' ஊனக் 1221 மீட்டர்தான். பெயரை நம்பாதே என்று மலையே சொல்லியிருக்கிறது, நமக்குத்தான் உறைக்கவில்லை.

ஃபோனில் நான் கேட்டது இரண்டே கேள்வி. ஏப்ரல் கடைசியில் பனி இருக்குமா? "மே வரைக்கும் இருக்கும், கவலையே படாதீர்கள்." லிஃப்ட் ஓடுமா? "தினமும் ஓடுகிறது." இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டு பதிலிலும் பொய் கிடையாது. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். கார்டில் கட்டினால் 155, அக்கவுண்டுக்கு நேராக அனுப்பினால் 145 என்றார்கள். நாலு பேருக்கு நாற்பது பவுண்டு மிச்சம் என்று செவ்வாய்க்கிழமை ராத்திரியே அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேன். லோக் லோமண்ட் தாண்டி, ரானக் மூர் தாண்டி, கிளென்கோ வழியாக ஏ82 ரோட்டில் போகிற அந்த மூன்று மணி நேரம் மட்டும் கொடுத்த காசுக்குத் தகும் என்று என் மனைவி இன்னும் சொல்கிறாள். தூரத்து மலை உச்சியெல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது, அதனால் வண்டிக்குள் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பயிற்சியாளர் எங்கே என்று கேட்டபோதுதான் டிரைவரே பயிற்சியாளர் என்று தெரிந்தது.

கீழே கார் நிறுத்துமிடத்தில் பச்சைப் புல். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நாயோடு நடக்கிறவர்கள். நடுவில் நாங்கள் நாலு பேர், தோளில் ஸ்கீயும் தலையில் ஹெல்மெட்டுமாக, மாசிமகம் முடிந்தபின் தேர் இழுக்க வந்தவர்கள் மாதிரி நின்றோம். கவுண்டரில் இருந்த அம்மா எங்கள் டிக்கெட்டைப் பார்த்தார், ஸ்கீயைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். "சறுக்கவா வந்தீர்கள்? மேலே டோ எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தியாச்சே" என்றார். டோ என்றால் சறுக்குகிறவர்களை மேலே இழுத்துப் போகும் லிஃப்ட். ஏஜென்சி எங்கள் பெயரில் வாங்கி வைத்திருந்தது சுற்றுலாப் பயணிகள் மேலே போய் வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கும் கண்டோலா டிக்கெட். ஞாயிறு நிறுத்தியாகிவிட்டது. செவ்வாய் என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். இந்த இரண்டு நாள் இடைவெளிதான் என் புகாரின் மொத்த அடிப்படையும்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லிஃப்ட் என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் விளையாடியிருக்கிறார்கள். ஊனக் மோரில் 1989-இல் திறந்த கண்டோலா இருக்கிறது. சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகள், கம்பியில் தொங்கிக்கொண்டு சுமார் 100 மீட்டர் உயரத்திலிருந்து 650 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். அதற்குக் கீழே பனி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கோடையிலும் ஓடும். சறுக்குகிற இடம் அதற்கு மேலே. அங்கே பெரும்பாலும் டோ எனப்படும் இழுவை லிஃப்ட்தான். ஸ்கீயை மாட்டிக்கொண்டு தரையிலேயே நிற்க வேண்டும், பின்னால் 'T' வடிவக் கம்பியோ வட்டமான பொத்தானோ வந்து இடுப்புக்குக் கீழே முட்டுக் கொடுத்து மேலே இழுத்துப் போகும். அதாவது டோ ஓடுகிற பாதை முழுக்கப் பனி வேண்டும். நடுவில் பத்தடிக்கு மண் தெரிந்தாலும் ஆட்டம் முடிந்தது. உச்சியில் எவ்வளவு பனி கிடந்தாலும் சரி, டோ பாதை அறுந்துவிட்டால் நடந்துதான் ஏற வேண்டும். ஈஸ்டர் முடிந்தால் கூட்டமும் குறைந்துவிடும், வருகிற பத்துப் பேருக்காக ஆள் போட்டு ஓட்டக் கட்டுப்படியாகாது என்று பனி இருக்கும்போதே நிறுத்துவதும் உண்டு.

டிரைவர் கம் பயிற்சியாளர் விடவில்லை. "வந்தது வந்துவிட்டோம், மேலே போய் நடந்தால் பனி இருக்கிறது, நான் காட்டுகிறேன்." நாங்களும் போனோம். 650 மீட்டரில் இறங்கினால் எங்கும் பழுப்பு நிறத்தில் ஹீதர் புதர். பனியைத் தடுத்துச் சேர்க்க மரக்கட்டை வேலிகள் வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் விழுகிற பனியை விடக் காற்று அடித்துக் கொண்டுவந்து சேர்க்கிற பனிதான் கடைசி வரை நிற்கும், அதனால் எல்லா ஸ்கீ மலையிலும் இந்த வேலி உண்டு. அன்றைக்கு அவை வெறும் புல்லில் நின்றன, ஷூட்டிங் முடிந்து கலைக்காமல் விட்ட செட் மாதிரி.

நாற்பது நிமிட நடை. ஸ்கீ ஷூ போட்டு நடந்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும், கணுக்கால் மடங்காது, ஒவ்வொரு அடிக்கும் தாடை வரைக்கும் அதிரும். ஷூவும் எப்படிப்பட்டது என்கிறீர்கள்? உள்ளே வைக்கிற மெத்தை ஈரமாக இருந்தது, முந்தின நாள் வேறு யாரோ போட்ட ஈரம், வாடை அடித்தது. என் ஸ்கீயின் இரும்பு விளிம்பு முழுக்கத் துரு, கட்டைவிரலால் தடவினால் ஆரஞ்சு நிறம் ஒட்டியது. மைத்துனன் பக்கிளை இழுத்து மாட்டப் போனான், பக்கிள் கையோடு வந்துவிட்டது. அதை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு, தொளதொளத்த ஷூவோடு வந்தான். வழியில் கறுப்புச் சேறு, மேலே பாசி மூடியிருப்பதால் தரை மாதிரியே தெரியும். நான் கால் வைத்தேன், முழங்கால் வரை போய்விட்டது, எழுந்திருக்கப் பார்த்தபோது சரிந்தேன். மேலே சொன்ன சறுக்கல் இதுதான்.

கடைசியில் ஒரு ஓடைப் பள்ளத்தில் பனி கிடைத்தது. முப்பதடி அகலம் இருக்கும். சாம்பல் நிறம், மேலே மண் பொடி, அங்கங்கே ஹீதர் குச்சி துருத்திக்கொண்டிருந்தது. ஊரில் குச்சி ஐஸை உறிஞ்சி உறிஞ்சிச் சாறெல்லாம் போனபின் ஒன்று கையில் மிஞ்சும் பாருங்கள், நிறமும் இல்லாமல் ருசியும் இல்லாமல், அதேதான். ஸ்கீ வைத்தால் அப்படியே புதைந்தது. வசந்தகாலப் பனி நன்றாக இருக்க வேண்டுமென்றால் முந்தின ராத்திரி வானம் தெளிவாக இருந்து மேற்பரப்பு உறைய வேண்டும், காலை வெயிலில் மேலே ஒரு விரல் அளவு இளகும்போது சறுக்கினால் வெண்ணெய் என்பார்கள். ராத்திரி முழுக்க மேகமாக இருந்தால் உறையவே உறையாது, விடிந்ததிலிருந்தே கூழ்தான். நாங்கள் போன நாளுக்கு முந்தின ராத்திரி மேகமும் தூறலும். இது தெரிந்த எந்தப் பயிற்சியாளரும் அன்றைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "உச்சிக்குப் பின்னால் கிழக்குப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளங்களில் நல்ல பனி இருக்கிறது, இன்னும் ஒன்றரை மணி நேரம் நடந்தால் போதும்." அங்கே பனி இருந்திருக்கும், உண்மைதான். தென்மேற்குக் காற்று பனியை எல்லாம் வாரிக் கொண்டுபோய் அந்தப் பக்கம்தான் கொட்டும். ஆனால் அந்தப் பள்ளங்களின் விளிம்பில் பனி கூரை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மேலே நிற்கிறவனுக்குத் தன் காலுக்குக் கீழே பாறை இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்றே தெரியாது. வெயில் ஏறுகிற ஏப்ரல் கடைசியில் அது எப்போது வேண்டுமானாலும் உடையும். குளிர்காலம் முழுக்கத் தினமும் வருகிற பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையும் பொதுவாக ஏப்ரல் பாதியோடு நின்றுவிடும். இவ்வளவும் நான் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எதுவும் தெரியாமலே என் மனைவி "என்னங்க, இவரோட நான் ஒரு அடி நகர மாட்டேன்" என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பேரும் இறங்கி, மேல் நிலையத்தில் சூப் குடித்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு வேனில் இருந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வந்த பதில்: லிஃப்ட் அனுமதி கொடுத்தோம், லிஃப்ட் ஓடியது, நீங்கள் ஏறினீர்கள், இயற்கைக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது. இயற்கையை யார் குற்றம் சொன்னது? காற்று அடித்து நிறுத்தியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். 1986 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் இன்னொரு ஸ்கீ மலையான கேர்ன்கோர்மின் உச்சியில் மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று அடித்திருக்கிறது, அந்த நாட்டு மலையில் காற்றுக்கு லிஃப்ட் நிற்பது சகஜம். சீசன் முடிந்த தேதி வானிலை கிடையாது, அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்த விஷயம்.

வீட்டுக்கு வந்தபின் விளம்பரப் படத்தை மறுபடி பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். சறுக்குப் பாதையின் இரண்டு பக்கமும் பைன் மரங்கள். ஸ்காட்லாந்து ஸ்கீ மலைகளில் சறுக்குகிற உயரத்தில் காடே கிடையாது, எல்லாம் மொட்டை மலை. படத்தில் மூடி போட்ட ஆறு பேர் உட்காரும் நாற்காலி லிஃப்ட் வேறு. அது ஆல்ப்ஸ் பக்கத்துச் சமாச்சாரம், இங்கே எங்கேயும் இல்லை.

இனி போகிறவர்கள் கேட்க வேண்டியது லிஃப்ட் ஓடுகிறதா என்பதை விட்டுவிட்டு, எந்த டோ ஓடுகிறது, அதன் பெயர் என்ன, அதுவரைக்கும் ஸ்கீ மாட்டியே போகலாமா, திரும்பி வரக் கீழ்வரை பனி இருக்கிறதா, இதெல்லாம். பெயர் சொல்லாமல் மழுப்பினால் ஃபோனை வைத்துவிடுங்கள். கிளென்கோவில், 1956-இலேயே ஆரம்பித்த பழைய ஸ்கீ இடம் அது, நாற்காலி லிஃப்டில் ஏறியபின் ஒரு மேட்டுச் சமவெளி இருக்கிறது, கடைசி வாரங்களில் அதைப் பல சமயம் நடந்துதான் கடக்க வேண்டும், திரும்பும்போது நாற்காலியிலேயே இறங்க வேண்டும். அதை முன்கூட்டியே சொன்னால் யாரும் சண்டைக்குப் போக மாட்டோம். கேர்ன்கோர்மில் மலை ரயிலே 2018-இல் பழுதாகி நின்று, 2023 ஜனவரியில் ஓடி, அதே ஆகஸ்டில் மறுபடி நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப வந்தது. அதனால் எந்த ஏஜென்ட் சொன்னாலும், மலையை நடத்துகிறவர்களின் அன்றைய அறிக்கையை நீங்களே திறந்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, தயவுசெய்து கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள ஒன்றைக் கார்டில் வாங்கினால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி விற்றவனோடு சேர்ந்து கார்டு கம்பெனியும் பொறுப்பு. நாற்பது பவுண்டுத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அந்தக் கதவை நானே சாத்திக்கொண்டேன். ஏன் அவர்கள் அக்கவுண்டுக்கு அனுப்பச் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறது. இனி எனக்கு மிச்சம் இருப்பது ஷெரிஃப் நீதிமன்றம் எனப்படும் ஸ்காட்லாந்து உள்ளூர் நீதிமன்றத்தின் எளிய நடைமுறை, 5,000 பவுண்டு வரைக்கும் வக்கீல் இல்லாமலே போகலாம். விற்பதற்கு முன் சொன்ன விவரத்தை நம்பி வாங்கியிருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதி என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது, அதை வைத்துத்தான் கடிதம் எழுதினேன். கடிதம் போனதும் நல்லெண்ண அடிப்படையில் 120 பவுண்டு தருகிறோம் என்று பதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விண்ணப்பத்துக்கு ஆதாரங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்: செவ்வாய்க்கிழமைப் பணப் பரிமாற்றம், அறிவிப்புப் பலகையின் படம், பைன் மர விளம்பரம், டிக்கெட். மைத்துனன் நேற்று அந்தப் பக்கிளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இதையும் சேருங்க அத்தான்" என்றான். படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன், ஒன்பதாவது இணைப்பு.