வன்னிக் கிறவலில் பன்னி ஹொப்: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

பன்னி ஹொப் என்றால் ஓடிக்கொண்டே சைக்கிளோடு துள்ளித் தடையைத் தாண்டுவது. அதைப் பழகும் சைக்கிளில் முதலில் போவது பின்சில்லு அச்சுத்தான். இங்கே சொல்வது, முன்னுக்கு மட்டும் 100 மி.மீ. ஷொக் உள்ள 26 அங்குல மவுண்டன் சைக்கிளை கிளிநொச்சிப் பக்கத்துக் கிறவல் ஒழுங்கைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் ஓடிக் கண்டது. பின் பற்சில்லுகளை மரையில் ஏற்றும் ஃப்ரீவீல் ஹப்பில் (ஹப் என்பது சில்லின் நடுக்குடம்) வலப்பக்கப் போல்ஸ், அதாவது அச்சைத் தாங்கும் குண்டுகள், உள்ளுக்குத் தள்ளி நிற்கும். அதனால் அச்சின் நுனி தாங்கல் இல்லாமல் நீண்டுகிடக்கும். தட்டை நிலத்தில் திரும்பத் திரும்ப விழ அது வளையும், பிறகு முறியும். சில்லைக் கழற்றி அச்சை விரலால் சுற்றுங்கள். நுனி நெளிந்து வட்டம் போட்டால் உடனே மாற்றவேண்டும். கசெற் ஹப்பில் வலப்பக்கப் போல்ஸ் அச்சின் நுனிக்குக் கிட்ட நிற்கும். விலை கூடத்தான், ஆனால் இந்த வேலைக்கு அதுதான் சரி.

சீற்றை அடிமட்டம் வரை இறக்குங்கள். ஒருவர் மெல்ல ஓடும் வேகம் போதும். பெடல் இரண்டும் சமமாக நிற்க, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி சைக்கிளை அமத்தி, அதே மூச்சில் இடுப்பைப் பின்சில்லுக்கு மேலே கொண்டுபோங்கள். கை நீண்டதும் முன்சில்லு எழும்பும். அப்படியே காலால் உதைத்து நிமிருங்கள். ஹாண்டில் இடுப்புக்கு வந்த பிறகுதான் அதை முன்னுக்குத் தள்ளவேண்டும். பாதநுனியைக் கீழே சரித்து பெடலைப் பின்னுக்கு வாரினால் பின்சில்லு கூடவே வரும். பழகுபவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இது: ஹாண்டிலை முந்தித் தள்ளினால் முன்சில்லு போதிய உயரம் எடுக்காது, பின்சில்லு தடையில் இடிக்கும். கையால் இழுத்துத் தூக்கினாலும் அதே கதைதான்.

தடைக்குப் பனைமட்டை வேண்டாம், கருக்கு ரயரைக் கீறிவிடும். தென்னம்பொச்சை வரிசையாக அடுக்குங்கள். இடித்தாலும் உருண்டு போகும். ஹெல்மெற் இல்லாமல் தொடங்கவே கூடாது.

காற்று: 65 கிலோ ஆளுக்கு, 2.1 அங்குல ரயரில் 35 பி.எஸ்.ஐ. அளவில் நன்றாக நிற்கிறது. 25க்குக் கீழே போனால் றிம் ரியூப்பை நசித்து, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். முள்ளுக் குத்தினால் ஒரே ஓட்டைதான். ஒட்டுப்போட முன் அதைப் பாருங்கள்.

ஓகஸ்ட், செப்ரெம்பரில் வயல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பைக் குறுக்கே கடக்கலாம். அதன் நீளத்துக்கு ஓடினால் முன்சில்லு உள்ளே இறங்கி ஆளைத் தூக்கி எறியும். கிறவலில் முன் பிரேக்கைச் சடாரென்று இறுக்காதீர்கள், உருள்கல்லில் சில்லு வழுக்கும்.

கிழமைக்கு ஒருமுறை முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹாண்டில் கழுத்தில் 'டொக்' என்று தட்டினால், ஸ்ரெம்மின் (ஹாண்டிலைக் கழுத்தோடு பிடிக்கும் துண்டின்) பக்க போல்றுகளைத் தளர்த்தி, மேல்மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்கி, பக்க போல்றுகளைத் திரும்ப இறுக்கவேண்டும். மேல்மூடியை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் ஹாண்டில் திரும்பக் கஷ்டப்படும்.