ஏஏசி பிளாக் சுவரும் மூன்று சாரலும்

புளியரையில் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர், சுவருக்குச் செங்கல் வாங்கலாமா, ஏஏசி பிளாக் (நுண்துளைகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்) வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். செங்கோட்டையில் நான் பிளாக் சுவர் எழுப்பிக் குடியேறி மூன்று சாரல் பருவம் கடந்துவிட்டது. அந்தச் சுவரில் விழுந்த விரிசலைச் செப்பனிட்டு முடித்ததும் சென்ற மாதம்தான்.

வேலையின் வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 600×200×200 மில்லிமீட்டர் பிளாக் ஒன்று ஏறத்தாழ 12 செங்கற்களின் இடத்தை அடைக்கிறது. உலர்ந்த கல் 15 கிலோ அளவில்தான் இருக்கும் என்பதால் கொத்தனார் ஒருவரே தூக்கி வைத்துவிடுகிறார். இடையில் 3 மில்லிமீட்டர் பசைக்கலவை போதும். ஜன்னல் ஓரத்துக்கான துண்டை அவர் ரம்பத்தால் மரத்தைப் போல அறுத்தபோது, விளிம்பு உதிராமல் நேராக வந்ததை வியந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சித்திரை வெயிலிலும் மேற்குச் சுவரின் உட்புறம் கை வைத்தால் சுடுவதில்லை. தயாரிப்பின்போது அலுமினியப் பொடி சுண்ணாம்போடு வினைபுரிந்து உண்டாக்கும் வாயுக் குமிழ்கள் விட்டுச் சென்ற நுண்துளைகளில் அடைபட்ட காற்றுதான் அதற்குக் காரணம்.

அந்தத் துளைகள் தண்ணீரையும் குடிக்கும். கல் இறங்கியது ஆனி மாதம். தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். "சாரல்தானே அண்ணாச்சி, கல்லு என்ன கரைஞ்சா போயிரும்?" என்றார். ஈரத்தோடே சுவரில் ஏறிய கல், பூச்சுக்குப் பிறகு மெல்ல உலர்ந்து சுருங்கியதில், கான்கிரீட் தூணும் சுவரும் சேரும் இடத்தில் தரையிலிருந்து லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்திரம்) வரை செங்குத்தாக ஒரு கீற்று விழுந்தது. அந்த இணைப்பில் பூச்சுக்கு முன் அடிக்க வேண்டிய கம்பி வலையையும் அவர் அடிக்கவில்லை. முதல் ஆண்டு நூல் அளவுதான் என்று பட்டி வைத்து மறைத்தோம். மறு ஆண்டு அதே கோட்டில் திரும்ப வந்தபோது நகம் நுழைந்தது. சாரல் நாட்களில் அதன் இருபுறமும் பெயிண்ட் கருத்து உப்பியது. சென்ற மாதம் பூச்சை ஆறு அங்குல அகலத்துக்கு வெட்டியெடுத்து, வலை அடித்து மீண்டும் பூசினோம்.

கல்லின் மேல் பழி போடுவது நியாயமில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து மனம் விட்டுப்போய், மாடியில் எடுக்கவிருக்கும் அறைக்குச் செங்கல்லுக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். நண்பரிடம், தை மாதத்தில் சுவர் வேலை என்றால் பிளாக்கே வாங்குங்கள், ஆனியில் இறக்குவதானால் தார்ப்பாயை நீங்களே கட்டி முடித்த பிறகு லாரிக்குச் சொல்லுங்கள் என்றேன்.