ஒரு சைக்கிள், ஐந்து விலை

கல்முனைக் கடையொன்றில் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் பார்க்கிறீர்கள். விலைச் சீட்டில் 48,000 ரூபாய் என்று இருக்கிறது. 'காசாகத் தந்தால் எவ்வளவு?' என்று கேட்டதும் கடைக்காரர் 45,000க்கு இறங்குகிறார். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டு எண்ணை வைத்துப் போட்ட உதாரணக் கணக்கு. நம் கடைகளில் விலை கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் வழி மாறாது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போடுங்கள். எட்டு, ஒன்பது வயதில் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் கடனட்டை. விளம்பரத்தில் '0% வட்டி' பெரிதாக இருக்கும், அதன் தலையில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அடியில் பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பதும், நீண்ட தவணைக்குக் கையாளும் கட்டணம் உண்டு என்பதும் கிடக்கும். அது 6% என்று வைத்தால் 2,880 ரூபாய். 12 மாதத் தவணையில் மொத்தம் 50,880, மாதம் 4,240. காசு விலையோடு பார்த்தால் 5,880 அதிகம். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே போவதால், இதை ஆண்டு வட்டியாக்கினால் 23% வருகிறது. இதைத்தான் பூச்சியம் என்கிறார்கள். போதாக்குறைக்கு, அட்டை என்றால் 3% கூடத் தாருங்கள் என்று சில கடைகளில் கேட்பார்கள். வாடிக்கையாளரிடம் அப்படி வாங்கக்கூடாது என்பது இலங்கை மத்திய வங்கியின் நிலைப்பாடு. தயங்காமல் சொல்லலாம்.

பூச்சியத் திட்டம் இல்லாமல் அட்டையைத் தேய்த்துவிட்டு 'ஆகக் குறைந்த தொகை'யை மட்டும் கட்டுவதுதான் உண்மையான பொறி. ஆண்டுக்கு 26% வட்டி, குறைந்த தொகை நிலுவையில் 5% என்று எடுங்கள். பாயில் 48 புளியங்கொட்டையை வையுங்கள், ஒன்று ஆயிரம் ரூபாய். மாத முடிவில் வட்டி 1,040, அதாவது ஒரு கொட்டை உள்ளே வந்து குந்தும். கட்டுவது வட்டி சேர்ந்த 49,040இல் 5%, 2,452, அதாவது இரண்டரைக் கொட்டை வெளியே போகும். உண்மையில் கடன் இறங்கியது ஒன்றரைக் கொட்டைக்குக் கிட்ட. இப்படியே பன்னிரண்டு மாதம் போனால் கையை விட்டுப் போனது ஏறத்தாழ 25,000, பாயில் இன்னும் மிச்சம் 33 கொட்டைக்கு மேல். சைக்கிளின் டயர் தேய்ந்திருக்கும், கடன் தேய்ந்திருக்காது. இன்னொன்றும் உண்டு: நிலுவை இருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது. புதிதாக வாங்கும் அரிசிப் பைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு அட்டை நல்ல சாமான்தான். மற்றவருக்கு இல்லை.

கடைத் தவணை இன்னொரு மாதிரி. முற்பணம் 8,000, பிறகு மாதம் 4,000 வீதம் 12 மாதம், மொத்தம் 56,000. 'வட்டி 20%தான்' என்பார் விற்பனையாளர். முற்பணம் போக மீதி 40,000, அதற்குத் தவணையாகக் கட்டுவது 48,000, கூடுவது 8,000 என்பதால் அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் முழு 40,000மும் ஆண்டு முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை, மாதாமாதம் திருப்பிக் கொடுக்கிறீர்கள். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் 35%. கையெழுத்து வைக்கும் முன் இரண்டு கேள்வி: முன்கூட்டியே கட்டி முடித்தால் மீதி வட்டி கழியுமா? கடைசித் தவணை வரை சைக்கிள் யாருடையது?

காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் வட்டியே வேண்டாம் என்கிறவர்கள் முராபஹா முறையைப் பார்ப்பார்கள். பொருளை நிறுவனம் வாங்கி, இலாபம் சேர்த்து, உங்களுக்குத் தவணைக்கு விற்கிறது. முதல் நாளிலேயே மொத்த விலை தெரியும், பிறகு அது ஏறாது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க இது நேரான முறை. மலிவா என்பது வேறு கேள்வி. மொத்தத்தை 45,000த்தோடு வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

எங்கள் தெரிவு குலுக்கல் சீட்டு. 12 பேர், மாதம் 4,000, ஒவ்வொரு மாதமும் குலுக்கலில் பெயர் விழும் ஒருவருக்கு 48,000. காசு விலைக்கு வாங்கினால் பூட்டுக்கும் மணிக்கும் 3,000 மிஞ்சும். கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: முதலில் எடுத்தவர் பிறகு கட்டாமல் விடுவது. ஆகவே தெரிந்த 12 பேரைத் தவிர யாரையும் சேர்க்க வேண்டாம், கொப்பியில் மாதாமாதம் கையெழுத்து வாங்க வேண்டும், அதிகக் கழிவு விட்டுக்கொடுப்பவர் முதலில் எடுக்கும் ஏலச் சீட்டு வேண்டவே வேண்டாம். அந்தக் கொப்பியைப் பிள்ளை எழுதட்டும். யார் கொடுத்தார், யார் இன்னும் இல்லை என்று தன் கையால் எழுதும் பிள்ளைக்கு வாக்கு என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

உண்டியல் ஆக மலிவு: மாதம் 3,750, ஆண்டு முடிவில் 45,000. ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8% ஆனது. அந்த ஆண்டு தகரப் பேணியில் சேர்த்தவர்களின் சைக்கிள் ஓடிக்கொண்டே இருந்தது, எட்டிப் பிடிக்க முடியவில்லை. விலை பறக்கும் காலத்தில் முதல் குலுக்கலில் சீட்டு விழுந்தவர் கெட்டிக்காரர். விலை அமைதியாக இருந்தால் உண்டியல்.

மாதத் தவணை எதுவானாலும் அது மாதச் சம்பளக்காரருக்கென்று தைத்த சட்டை. சம்மாந்துறை வயல்காரருக்குக் காசு வருவது பெரும்போக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும்தான். கார்த்திகை, மார்கழி மழையில் கடலுக்குப் போகாதவருக்கும் கூலி வேலை நின்றவருக்கும் மாதம் 4,000 வட்டிக்கு வாங்கிக் கட்டும் காசாகிவிடும். வயல்காரர் அறுவடை முடிந்த கையோடும், மற்றவர்கள் கையில் காசு சேர்ந்த கையோடும், காசுக்கு வாங்குவதுதான் சரி.

சிறுவர் சேமிப்புக் கணக்கை இந்த ஐந்தில் சேர்க்காதது தெரிந்தே. ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 31 சேமிப்பு தினம் என்று அந்த மாதம் முழுக்க வங்கிகள் பரிசு காட்டும்: இவ்வளவு போட்டால் புத்தகப் பை, இவ்வளவு போட்டால் இன்னொன்று. அதுவும் விளம்பரம்தான், நட்சத்திரம் அங்கேயும் இருக்கும். பொதுவாக 18 வயது வரை அதிலிருந்து எடுக்க விடமாட்டார்கள். படிப்புக்கு நல்லது. சைக்கிள் காசை அங்கே போட்டால், பிள்ளை மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கும் வயதில்தான் கைக்கு வரும்.