ஆட்டோகிளேவ் என்று சொல்லி ரூ.64,500க்கு ஸ்டீல் பாத்திரம் விற்றார்கள்: பல் டாக்டர்கள் கவனத்துக்கு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: ரூ.64,500. அப்பா ஈரோட்டு மண்டியில் மஞ்சள் போட்டு வந்த பணத்தில், "கிளினிக்குக்கு என்னமோ மிஷின் வேணும்னியே, எடுத்துக்கோ கண்ணு" என்று கொடுத்தது. அது போய் இன்றோடு பத்தொன்பது நாள். புகார் நடப்பதால் பெயர் எதுவும் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பழைய மருத்துவக் கருவிகளை விற்கும் ஒரு ஆன்லைன் சந்தை, அதில் ஒரு விற்பனையாளர். அவ்வளவுதான் சொல்வேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, பழைய ஆட்டோகிளேவ் (கருவிகளை ஆவியில் வேகவைத்துக் கிருமி கொல்லும் மிஷின்) வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக ஒரு பட்டியல் தருகிறேன்.

சென்னிமலைப் பக்கம் சின்னதாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரு சேர், ஒரு அசிஸ்டென்ட் பொண்ணு, பக்கத்துத் தறியிலிருந்து வாசல் வரை பறந்து வரும் பஞ்சு. மூன்று வருஷமாக வைத்திருந்தது குக்கர் மாதிரி மேலே மூடி போடுகிற ஆட்டோகிளேவ். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். மிரர், ஃபோர்செப்ஸ் மாதிரி கெட்டியான கருவிகளுக்கு அது சரி. பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸுக்குச் சரிப்படாது. அதற்குள் ஊசி நுழையும் அளவு குழாய்கள் ஓடுகின்றன. பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஹேண்ட்பீஸ் நிற்கிற அந்த நொடியில் பேஷன்ட் வாயில் இருக்கிற எச்சிலும் ரத்தமும் உள்ளே இழுபடலாம். அந்தக் குழாய்க்குள் ஆவி போக வேண்டுமென்றால் முதலில் அங்கே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதைச் செய்கிற மிஷினுக்குத்தான் க்ளாஸ் பி என்று பெயர்.

புரியாதவர்களுக்கு: குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகுதான் வெயிட் போட வேண்டும் என்று நம் அம்மாக்கள் சொல்வார்களே, அதே விஷயம்தான். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் சூடு ஏறாது. பருப்பு வேகாமல் போனால் இன்னொரு விசில் விட்டுக்கொள்ளலாம். கிருமி வேகாததைக் கண்ணால் பார்க்க முடியாது.

பழைய மிஷினின் ஹீட்டர் காயில் இந்த வருஷம் எரிந்து போனது. புதிய க்ளாஸ் பி ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். அப்போதுதான் அந்தச் சந்தையில் இது கண்ணில் பட்டது. 22 லிட்டர், ரூ.67,500, பச்சை டிக் போட்ட "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்", ஏழு நாளில் திருப்பித் தரும் வசதி.

போன் செய்தேன். என்னை விழ வைத்த இடம் இதுதான், கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அந்த ஆள் கேட்டார்: "ஏனுங்க மேடம், நீங்க ஸ்போர் டெஸ்ட் போடுவீங்களா?" மிஷின் நிஜமாகவே கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவி விற்கிற எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், ஒருத்தர் வாயிலும் அந்த வார்த்தை வந்ததில்லை. "போடுவேங்க" என்றேன். "போடோணுமுங்க. எங்கிட்ட வாங்குறவங்க கண்டிப்பா போடோணும். ஃபெயில் ஆச்சுன்னா நானே வண்டி வெச்சு வந்து தூக்கிட்டுப் போயிக்கிறனுங்" என்றார். காங்கேயம் சொந்த ஊராம். கோயமுத்தூரில் ஒரு பெரிய கிளினிக்கை மூடுகிறார்களாம், அங்கிருந்து எடுத்ததாம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். நீல டைல்ஸ் ஒட்டிய மேடை, முனையில் ஒரு டைல்ஸ் உடைந்திருந்தது. மிஷின் கதவைத் திறக்கிறார், கருவி போட்ட கவரை எடுக்கிறார், அதில் ஒட்டிய, சூடு பட்டால் கறுக்கும் டேப்பில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. அதை விரலால் தட்டிக் காட்டுகிறார்.

பிறகு, "தளத்துல கட்டினா அவங்க கமிஷன் புடிச்சுக்குவாங்க, நேரா எனக்குப் போட்டீங்கன்னா மூவாயிரம் கம்மி பண்ணிக்கலாமுங்" என்றார். மூவாயிரம் ரூபாய். அதற்கு ஆசைப்பட்டுத்தான் ரூ.64,500ஐ நேராக அவர் கணக்கில் போட்டேன். படித்த பெண், யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை மிஷின் வந்தது. கூட வந்த பில்லில் "உபயோகித்த ஸ்டீல் பாத்திரம் – 1" என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, "அது லாரி புக்கிங்குக்கு அப்படித்தானுங்க போடுவோம்" என்றார். சிரித்துவிட்டு ஃபைலில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓட்டினோம். டிஸ்ப்ளேயில் "வேக்யூம் 1, வேக்யூம் 2, 134 டிகிரி" என்று வரிசையாக ஓடும். டேப் கறுக்கும். இரண்டாம் நாள் அசிஸ்டென்ட் பொண்ணு, "அக்கா, கவர் எல்லாம் நனைஞ்சு வருது பாருங்க" என்றாள். கவரின் ஓரத்தில் தண்ணீர் கோத்து நின்றது, தொட்டால் பேப்பர் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. "கதவைக் கொஞ்ச நேரம் தொறந்து வை, காஞ்சுரும்" என்றேன். வேக்யூம் வேலை செய்கிற மிஷினில் கவர் உலர்ந்துதான் வெளியே வரும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வயசுப் பொண்ணுக்குக் கண்ணில் பட்டது எனக்குப் படவில்லை.

டேப் கறுத்தால் கருவி சுத்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அந்த டேப் "இந்தக் கவர் சூட்டுக்குள் போய் வந்தது" என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே கிருமி செத்ததா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது ஸ்போர் டெஸ்ட்தான். சூட்டுக்கு லேசில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகளைச் சின்ன வயலில், அதாவது குப்பியில், அடைத்திருப்பார்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாதது. அதைக் கருவிகளோடு வைத்து ஓட்டி, பிறகு 56 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வயல் ஊதாவாகவே இருந்தால் வித்து செத்தது. மஞ்சளானால் உயிரோடு இருக்கிறது. அதுவே செத்துவிட்டால் ஹெபடைடிஸ் வைரஸ் எல்லாம் எம்மாத்திரம்.

வயல் கைக்கு வந்தது வியாழக்கிழமை. அதுவரை நிறுத்தி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு வயலை உள்ளே வைத்து ஓட்டினேன். ஓட்டாத ஒன்றைச் சரிபார்ப்புக்காகத் தனியாக எடுத்து வைத்து, மூன்றையும் காலையில் பெருந்துறையில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினேன். அங்கே ஒரு கல்லூரி லேபில் என் தோழி மைக்ரோபயாலஜி பார்க்கிறாள். சனிக்கிழமை ஆறு மணிக்குப் போன் வந்தது. "ஏன்டி, ஓட்டாததையே மூணும் அனுப்பிட்டியா? மூணுமே மஞ்சளா இருக்கு."

அப்படி அனுப்பவில்லை.

செவ்வாயிலிருந்து சனி வரை ஐந்து நாளில் 23 பேர். அதில் ஏழு பேருக்குப் பல் எடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி 2023இல் திருப்பத்தூர் மாவட்டத்தில் நடந்ததுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. ஒரு பல் கிளினிக்கில் சலைன் பாட்டிலைச் சுத்தமில்லாத கருவியால் திறந்து பயன்படுத்தியதில் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து நான் சலைன் பாட்டிலை ஒரு பேஷன்டுக்கு மேல் வைப்பதில்லை. அவ்வளவு பயந்தவள், ஒரு கறுப்புக் கோட்டை நம்பினேன்.

உடனே அந்த ஆளைக் கூப்பிட்டேன். "நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்களே மேடம், திங்கக்கெழமை டெக்னீஷியன் வந்துருவாப்ல" என்றார். திங்கட்கிழமை டெக்னீஷியன் சேலத்தில் இருந்தாராம். செவ்வாய்க்கிழமை போன் எடுத்ததும், "ஏழு நாள் முடிஞ்சுருச்சுங்களே" என்றார். சனிக்கிழமையே சொன்னேனே என்றால், "நீங்க போர்த் தண்ணி ஊத்தியிருப்பீங்க, உங்க ஊர்த் தண்ணிதான் உப்பாச்சே" என்றார். ஐந்து லிட்டர் கேனில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கித்தான் ஊற்றுகிறேன். கேனைப் படம் பிடித்து அனுப்பினேன். அடுத்து கரன்ட் வோல்டேஜ் சரியில்லை என்றார். கடைசியில் சொன்னார் பாருங்கள்: "மேடம், அந்த டெஸ்ட் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குங்க. உங்களுக்கு டேப் கறுத்தாப் போதுமே, எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" ஸ்போர் டெஸ்ட் போடுவீர்களா என்று முதல் நாள் என்னைக் கேட்ட அதே வாய். அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தளத்தில் புகார் போட்டேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று உடனே பதில் வந்தது. இரண்டு நாளில் "புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொன்று. யார் தீர்த்தார்கள்? மறுபடி போட்டால், "பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, எனவே இது உங்கள் இருவருக்கும் இடையிலானது" என்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் பச்சை டிக் எதற்கு? அதற்குப் பதிலே இல்லை. சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்தாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம், ஆனால் சொந்தப் பிழைப்புக்காக வாங்கியதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். பார்ப்போம். பில்லில் என்னமோ பாத்திரம் என்றல்லவா இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து பின் மூடியைக் கழற்றச் சொன்னேன். வேக்யூம் பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் நாலு போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது. அங்கே போக வேண்டிய குழாயை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே வேறு போர்டு. டிஸ்ப்ளேயில் "வேக்யூம் 1" என்று வந்ததெல்லாம் வெறும் டைமர். ஆவி பட்டு முன்பக்கம் க்ளாஸ் பி ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தது. மெக்கானிக் நகத்தால் உரித்தார். அடியில் வேறொரு ஸ்டிக்கர், அதில் க்ளாஸ் என். வேக்யூமே கிடையாது, கவர் போட்ட கருவிக்கும் ஹேண்ட்பீஸுக்கும் ஆகாது. "இதுக்கு உங்க பழைய குக்கரே மேலுங்க" என்றார் அவர். ரூ.64,500க்கு.

பணத்தைக் கூட விடுங்கள். 23 பேருக்கும் போன் செய்தது நான். கருவிகளை நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் உள்ளே வைத்தோம், அதனால் ஆபத்து ரொம்பக் குறைவு என்று தோழி சொன்னாள். எனக்கும் தெரியும். ஆனால் ஹெபடைடிஸ் பி காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும் என்பதும் தெரியுமே. ஒரு ஆத்தா கேட்டார்: "ஏஞ்சாமி, பல்லுப் புடுங்குனதுக்கு எதுக்கு ரத்தம் குடுக்கோணும்?" மிஷின் சரியாக வேலை செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னேன். "பாவம், ஏமாத்திப்புட்டானா உன்னைய" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வந்து கையை நீட்டினார். தறி ஓட்டுகிற ஒருத்தர் அப்படியில்லை. "எனக்கு என்னமோ வந்துருச்சு, சொல்ல மாட்டீங்கறீங்க, அப்படித்தானுங்களே டாக்டர்?" என்று தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்கிறார். எடுத்துப் பேசுகிறேன், வேறு என்ன செய்ய?

இதுவரை 19 பேர் வந்திருக்கிறார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் எடுத்தாயிற்று, எல்லாருக்கும் நெகட்டிவ். ஆனால் இது ஆரம்ப நிலை மட்டும்தான். மூன்று மாசத்திலும் ஆறு மாசத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். டெஸ்ட் செலவெல்லாம் என் கையிலிருந்து, அது அந்த 64,500இல் சேராது. இப்போதைக்குக் கருவிகளைப் பெட்டியில் அடுக்கி, தினமும் சாயங்காலம் பெருந்துறையில் ஒரு சீனியர் கிளினிக்குக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

சரி, பட்டியல் தருவதாகச் சொன்னேன். உட்கார்ந்து எழுத இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பில்லில் மாடல், சீரியல் நம்பர், "ஆட்டோகிளேவ்" என்ற வார்த்தை இல்லையென்றால் லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். மெக்கானிக்கை வைத்துப் பின் மூடியைத் திறந்து பம்ப்பைக் கண்ணால் பாருங்கள். ஸ்போர் டெஸ்ட் ரிசல்ட் வரும் முன் ஒரு பேஷன்டுக்குக்கூட அந்தக் கருவியைத் தொடாதீர்கள், அப்புறம் வாராவாரம் போடுங்கள். கவர் ஈரமாக வந்தால் மிஷினை நிறுத்துங்கள். உங்கள் அசிஸ்டென்டுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் போட்டாயிற்றா என்று இன்றைக்கே கேளுங்கள், என் அசிஸ்டென்ட் பொண்ணுக்கு மூன்றாவது பாக்கி இருந்தது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

இதை டைப் செய்யும்போது அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். வேறொரு விற்பனையாளர் பெயரில், பச்சை டிக்கோடு, 22 லிட்டர் க்ளாஸ் பி ஒன்று ரூ.71,000க்குப் போட்டிருக்கிறார்கள். வீடியோவில் நீல டைல்ஸ் மேடை, முனையில் ஒன்று உடைந்திருக்கிறது. யாரோ விரலால் டேப்பைத் தட்டிக் காட்டுகிறார்கள்.